ஓலைமுந்தல் நல்ல தண்ணீர்

பூமயில் அழுதால் கண்ணாடிக் கொட்டகையின் குழாயில் தண்ணீர் கொட்டும் என்று ஓலைமுந்தலில் கண்டுகொண்ட அன்று, ஊரில் ஒருத்தரும் வாயைப் பிளக்கவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அந்த ஓட்டம் விளங்க வேண்டுமானால் அந்த ஊர்ப் பெண்கள் தண்ணீருக்குப் பட்ட பாடு தெரிய வேண்டும். ராமநாதபுரம் கரையில், கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு கிடக்கும் மணல்திட்டு அது. விடியுமுன்பே மணலில் ஆள் உயரக் குழி தோண்டி, அடியில் இறங்கி உட்கார்ந்து, சிரட்டையால் ஊற்றுநீரைச் சுரண்டிச் சுரண்டிக் குடத்தில் ஊற்றுவார்கள். ஒரு குடம் நிறைவதற்குள் இடுப்பு கழன்றுவிடும். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, வாய்க்குள் விட்டால் நாக்குத் தடித்துப்போகும். ஆண்களுக்குக் கல்லடைப்பு வந்து விலா இழுத்தது. பிள்ளைகளுக்கு முகம் வீங்கியது. சின்னப்பேச்சியின் மகள் சுபிக்ஷா பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளை, காலையில் எழுந்தால் கண் திறக்க முடியாத அளவுக்கு இமை உப்பியிருக்கும். நல்ல தண்ணீர் கொடுங்கள், இல்லாவிட்டால் சிறுநீரகம் இரண்டும் போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். நல்ல தண்ணீர் எந்தக் கடையில் விற்கிறது என்று மட்டும் அவர்கள் சொல்லவில்லை.

அப்படி இருக்கையில்தான் டாக்டர் மங்கையர்க்கரசி ஒரு லாரி நிறையக் கண்ணாடியோடு வந்து இறங்கினார். டாக்டர் என்றதும் ஊரே முழங்கால் வலியையும் வறட்டு இருமலையும் தூக்கிக்கொண்டு போய் வரிசையில் நின்றது. நான் அந்த டாக்டர் இல்லை, பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவள் என்று அவர் விளக்கி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அவர் கட்டியது ஒரு கொட்டகை: கீழே கருப்புப் பூச்சு பூசிய தொட்டி, மேலே சரிவாகக் கண்ணாடிக் கூரை. கடல்நீர் தொட்டிக்கு வரும், வெயிலில் ஆவியாகும், ஆவி கண்ணாடியில் பட்டு வேர்த்து வழிந்து குழாய்க்கு வரும், உப்பு கீழேயே தங்கிவிடும். கரண்ட் வேண்டாம், டீசல் வேண்டாம், புகை இல்லை, சத்தம் இல்லை. அந்தக் கருப்புப் பூச்சு அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. அதைப் பற்றிப் பேசும்போது பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசுகிற மாதிரி அவர் முகம் மாறும். கண்ணாடியில் காக்காய் எச்சமும் உப்புத்தூசியும் படியாமல் தினமும் துடைக்க ஓர் ஆள் தேவைப்பட்டது, அந்த வேலை பூமயிலுக்குக் கிடைத்தது.

பூமயில் சின்னப்பேச்சியின் தம்பி பெண்டாட்டி. தம்பி நம்புராசு நாட்டுப்படகில் கடலுக்குப் போகிறவன், தன் நகைச்சுவைக்குத் தானே முதலில் சிரித்துவிடுகிறவன். கொட்டகையின் குழாய் நாள் முழுக்கச் சொட்டி ஒரு செம்பை நிரப்பும். அந்தச் செம்பைப் பார்த்துவிட்டு நம்புராசு, "இதுக்கு நீ கண்ணாடியப் பாத்து நாலு அழுகை அழுதாலே ரெண்டு செம்பு வருமேத்தா" என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல் தானே சிரித்தான்.

அந்த வாரத்திலேயே அவன் போன படகு திரும்பவில்லை.

பலகை ஒன்று ஒதுங்கியது. ஐஸ்பெட்டி ஒதுங்கியது. ஆள் ஒதுங்கவில்லை. ஊர்ப் பெண்கள் பூமயிலைச் சுற்றி உட்கார்ந்து மாரடித்து அழுதார்கள், அவள் சுவரைப் பார்த்தபடி வறண்ட கண்ணோடு இருந்தாள். ஒரு காலையில் எழுந்து, வேலை வேலைதானே என்று துணியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். கண்ணாடியைத் துடைக்கும்போது அதில் தன் முகம் தெரிந்தது, பக்கத்தில் அவன் முகம் இல்லை. அங்கே நின்று அழுதாள். அழுகை ஏற ஏறக் கண்ணாடி முழுக்க வேர்த்தது, வேர்வை ஓடையாகி ஓடியது, குழாய் திறந்துகொண்டு, காணாததைக் கண்ட மாதிரிக் கொட்டத் தொடங்கியது. முதலில் பார்த்தது சின்னப்பேச்சி. குடத்தை வைத்தாள், ஒரு கை அள்ளிக் குடித்தாள், வீட்டுக்கு ஓடிச் சுபிக்ஷாவைத் தூக்கிக்கொண்டு வந்து குடிக்க வைத்தாள், அதற்கப்புறம்தான் தம்பி பெண்டாட்டியின் தோளைத் தொட்டு, "அழாத பூமயிலு" என்றாள். தொட்ட கையைச் சீக்கிரமே எடுத்துவிட்டாள்.

ஊருக்கு இதைப் பழகிக்கொள்ள அதிக நாள் ஆகவில்லை. அவள் அழுதால் தண்ணீர், அவள் மனம் வேறு பக்கம் போனால் சொட்டு. வெயில் அடித்தாலும் மேகம் போட்டாலும் கணக்கு இதுதான். ஆகவே, யாரும் கூடிப் பேசி முடிவெடுக்காமலே, ஊரில் சில வழக்கங்கள் ஏற்பட்டன. காலையில் வீட்டுக்கு ஒருத்தியாக முறை வைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய்ப் பூமயிலுக்குத் துணை இருந்தார்கள். துணை என்றால், நம்புராசு பேச்சை எடுப்பது. அவனுக்கு நண்டுக் குழம்பு எவ்வளவு பிடிக்கும், கல்யாணத்தன்று மாலையை எப்படித் தலைகீழாகப் போட்டுக்கொண்டு நின்றான், கடலுக்குப் போகும்போது தெருமுனையில் எப்படித் திரும்பிப் பார்ப்பான் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பார்கள், அவள் உடைவாள், இவர்கள் அவள் முதுகைத் தடவிக்கொண்டே கண்ணைக் குழாய்ப் பக்கம் வைத்திருப்பார்கள். நினைவுகள் தீர்ந்துபோன வீட்டார் புதிதாக இட்டுக்கட்டினார்கள். அவள் தெருவில் சிரிப்புப் படம் போடக்கூடாது, கல்யாணம் என்றால் மேளம் அடுத்த தெருவோடு நின்றுவிட வேண்டும். நல்ல மீன் கிடைத்தால் முதல் பங்கு அவளுக்குப் போனது. ஊர் அவளை அப்படித் தாங்கியது, அதில் பொய் ஒன்றும் இல்லை. கறவை மாட்டை எந்த வீட்டிலும் நன்றாகத்தான் கவனிப்பார்கள்.

உப்புதான் எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. கொட்டகைத் தொட்டியில் உப்பு தங்கவில்லை, அது பூமயிலிடம் தங்கியது. சேலை ஓரங்களில் வெள்ளைக் கோடு விழுந்தது. கை மடிப்புகளில், கழுத்தில், காதுக்குப் பின்னால் பொரிப் பொரியாகப் பூத்தது. அவள் சோற்றுக்கு உப்புப் போடுவதை நிறுத்தினாள், பிசைந்தாலே போதும். தெருவில் நடந்தால் ஆடுகள் பின்னாலேயே வந்து குதிகாலை நக்கின. தண்ணீர் எவ்வளவு குடித்தாலும் அவளுக்குத் தாகம் அடங்கவில்லை, உதடு வெடித்தபடியே இருந்தது. "கடக்காத்து, புள்ள" என்றார்கள் பெண்கள்.

டாக்டர் மங்கையர்க்கரசி மாதம் தவறாமல் வந்து வெயிலை அளந்தார், காற்றை அளந்தார், ஈரப்பதத்தை அளந்தார், உலகத்தில் எங்குமே இல்லாத அளவு தண்ணீர் தன் பூச்சில் கிடைப்பதை அளந்து மூச்சுத் திணறினார். பெண்கள் உள்ளதைச் சொன்னார்கள். அவர் சிரித்தார். பிறகு ஒருநாள் பூமயில் அழும்போது பக்கத்தில் நின்றுவிட்டார். உப்பு அளக்கிற கருவியின் முனையை அவள் கன்னத்தில் மெல்ல ஒற்றிப் பார்த்தார். கருவி பூஜ்யம் காட்டியது. டாக்டர் அந்தப் பூஜ்யத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார், முனையைத் துடைத்தார், கருவியைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். இதை எழுதினால் யார் நம்புவார்கள்? அவர் பூச்சைப் பற்றி எழுதினார், அதை எல்லோரும் நம்பினார்கள். விருது கொடுத்தார்கள். கரையோர ஊர்களில் எல்லாம் அதே பூச்சு பூசிக் கண்ணாடிக் கொட்டகைகள் கட்டினார்கள். ஒவ்வொன்றும் நாளுக்கு ஒரு செம்பு தந்தது.

இதற்கிடையில் பூமயில் ஒன்றே ஒன்று கேட்டாள். கடலில் தொலைந்தவனுக்கு அந்த ஊரில் ஒரு முறை உண்டு. அவன் சட்டையை நல்ல தண்ணீரில் அலசி, மடித்து, அலை தொடாத மேட்டில் குழிவெட்டிப் புதைப்பார்கள். கூடப் பிறந்தவள் முதல் மண் போட வேண்டும். அதோடு ஊர் அவன் கணக்கை முடித்துக்கொள்ளும். பெண்டாட்டிக்காரி அழுது தீர்த்துவிட்டு எழுந்துகொள்ளலாம், சிரிக்கலாம், விருப்பமிருந்தால் இன்னொருத்தனைக் கட்டிக்கொள்ளவும் செய்யலாம். அப்படிப் புதைத்த சட்டைக்கு உரியவன் பின்னால் வந்து நின்றாலும், ஊர் அவனை ஆளாகச் சேர்த்துக்கொள்ளாது. கடல் அனுப்பிய வேறு ஏதோ என்று வாசலோடு அனுப்பிவிடும்.

"குழி வெட்டி விட்ருங்க மாமா. என்னால முடியல. அழுதழுது உள்ள ஒண்ணுமில்ல" என்று ஊர்த்தலைவர் சேதுமாணிக்கத்திடம் போய் நின்றாள்.

சேதுமாணிக்கம் கெட்டவர் இல்லை. பேத்தி தலை இந்தத் தண்ணீரில்தான் முதன்முதலாகச் சிக்கில்லாமல் மினுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர். "ஒடம்பு கெடைக்காம எப்படித்தா குழி வெட்டுறது? வந்துட்டான்னா? நம்பிக்கைய விட்ராத தாயி" என்றார். அவள் அந்த நம்பிக்கையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள், அது இன்னும் கொஞ்ச நாள் அழ உதவியது.

ஆனால் எந்த அழுகையும் ஓயும். மழை பொய்த்த அந்தக் கோடையில் குழாய் நூலாக ஒழுகியது. பெண்கள் தொண்டை வற்ற நம்புராசு பேச்சைப் பேசினார்கள், பூமயில் கேட்டுக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, சும்மா இருந்தாள். ஒரு தடவை, மாலையைத் தலைகீழாகப் போட்ட கதையைக் கேட்டு லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தாள். அன்று ஊரில் பல வீட்டில் உலை வைக்கவில்லை. சுபிக்ஷாவின் இமை மறுபடி உப்பத் தொடங்கியது.

அந்தச் சமயத்தில் பாம்பன் பக்கத்து மீனவர் ஒருவர் வந்தார். அக்கரைச் சிறையில் இருந்து விடுதலையானவர். வலைக் கொட்டகையில் சேதுமாணிக்கமும் சின்னப்பேச்சியும் இன்னும் சில பெரிய ஆட்களும் இருக்கும்போது அவர் சொன்னார்: நம்புராசு உயிரோடு இருக்கிறான். கவிழ்ந்த படகைப் பிடித்து மிதந்தவனை அக்கரைப் படகு ஒன்று தூக்கியிருக்கிறது. கையில் ஒரு காகிதமும் இல்லாததால் யார் எவர் என்று விசாரித்தே காலம் கடத்துகிறார்கள், வழக்கு முடிந்தால் விடுவார்கள். "அக்காகிட்டச் சொல்லுங்க, அது பூமயிலுகிட்டப் பக்குவமாச் சொல்லும்னு சொல்லிவிட்டான்" என்றார். அவருக்குச் செம்பில் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு, தேன் மாதிரி இருக்கிறது என்று வாயைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனார்.

வலைக் கொட்டகையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. சேதுமாணிக்கம்தான் முதலில் பேசினார்.

"நல்ல சேதிதான். இல்லேங்கல. நல்ல சேதி எங்கயும் ஓடிப் போயிராது. மழை விழுந்தபொறகு சொன்னாலும் நல்ல சேதிதான்."

"வேற யாராச்சும் வந்து சொல்லிட்டா?" என்றார் ஒருவர்.

சின்னப்பேச்சி வலை முடிச்சு ஒன்றைப் பிரித்துக்கொண்டே, "குழி வெட்டிருவோம்" என்றாள்.

"உசுரோட இருக்கவனுக்கா?" என்றார் சேதுமாணிக்கம்.

"சட்டைக்குத்தான மாமா குழி. அவனுக்கா வெட்டுறோம்?" முடிச்சு பிரியவில்லை, அவள் விடவும் இல்லை. "குழி வெட்டுனா அழுவா. யாரு வந்து என்ன சொன்னாலும் நம்ப மாட்டா. அவன் எனக்குக் கூடப் பொறந்தவன் மாமா. சுபிச்சாவ நான் பெத்துருக்கேன்."

அப்படித்தான், உயிரோடு இருக்கிறவனுக்கு ஓலைமுந்தலில் சட்டை புதைத்தார்கள். பூமயிலே தன் கையால் அந்தக் கட்டம் போட்ட நீலச் சட்டையை அலசினாள். அலசுவதற்குத் தண்ணீர், தன் வீட்டுப் பங்கில் மிச்சம் பிடித்தது. சின்னப்பேச்சி முதல் மண் அள்ளிப் போட்டாள், பூமயில் வீடு தவிர எல்லா வீட்டுக்கும் அதற்குள் சேதி போயிருந்தது, பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பூமயில் மணலில் விழுந்து அழுத அழுகைக்குக் கொட்டகைக் கண்ணாடி கிடுகிடுத்தது. குடம் நிறைந்தது, அண்டா நிறைந்தது, படகுகளில் எல்லாம் பிடித்து வைத்தார்கள், அப்படியும் வழிந்து தெருவில் ஓடியது. சுபிக்ஷாவின் முகம் மறுபடி பழைய முகமானது. அழுது தீர்த்துவிட்டு எழுந்துவிடலாம் என்று முறை சொன்னது, பூமயில் எழவில்லை. இத்தனை நாள் பாதிப் பாதியாக அழுததற்கும் சேர்த்து அவள் முழுதாக அழுதுகொண்டிருந்தாள், குளிர்காலம் முழுக்க ஊர் அதைக் குடித்தது. அவள் தோள் இரண்டும் சுண்ணாம்பு அடித்த சுவராக வெளுத்துப்போயிருந்தன. டாக்டர் மங்கையர்க்கரசி பெரிய மனிதர்கள் சிலரை அழைத்து வந்து காட்டினார். மற்ற ஊர்களில் ஏன் இப்படி இல்லை என்று அவர்கள் கேட்டதற்கு, சேதுமாணிக்கம், "எங்க கடல் அப்படிங்கய்யா" என்று கைகட்டி நின்றார்.

ஒரு நாள் காலை பஸ்ஸில் நம்புராசு வந்து இறங்கினான். யாருடையதோ தொளதொளத்த கால்சட்டை, முகம் மூடிய தாடி. தெருவில் ஆள் இல்லாததால் கரைப்பாதையில் நடந்தான், கண்ணாடிக் கொட்டகையில் பெண்கள் வரிசையாகக் குடத்தோடு நிற்பதைப் பார்த்துப் பக்கத்தில் போனான். ஊருக்குப் புதிதாக வாக்கப்பட்டு வந்த பெண் ஒருத்தி குழாயில் நின்றாள். அவளுக்கு இவனைத் தெரியாது. குடிக்கத் தண்ணீர் கேட்டான், செம்பு நிறையக் கொடுத்தாள், அண்ணாந்து மடக்மடக்கென்று குடித்தான்.

"எந்தூருத் தண்ணிமா இது? இம்புட்டு ருசியா இருக்கு?"

கொட்டகைக்கு அந்தப் பக்கம், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த பூமயிலின் கை நின்றது. கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தாள். குழாய் நின்றது.

சத்தம் போடாமல் சேதுமாணிக்கத்துக்கு ஆள் போனது. அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டே வந்து, நம்புராசுக்கும் பூமயிலுக்கும் நடுவில் நின்றார்.

"தம்பி, தப்பா நெனைக்காத. ஒனக்குச் சட்டை பொதைச்சாச்சு. ஊர்முறை ஒனக்கே தெரியும்."

நம்புராசு வழக்கம்போல் முதலில் சிரித்தான். சிரித்தவன் எல்லார் முகத்தையும் பார்த்துவிட்டு நிறுத்தினான். "யாரு பொதைச்சா? முத மண்ணு யாரு போட்டது?"

வரிசையில் நின்ற சின்னப்பேச்சியைச் சுற்றி இருந்த பெண்கள் கொஞ்சம் விலகிக்கொண்டார்கள், அவள் தனியாகத் தெரிந்தாள்.

"அக்கா, அந்தப் பாம்பன்காரரு வரலையா? ஒங்கிட்டத்தான சொல்லச் சொன்னேன்?"

பூமயில் கண்ணாடியைச் சுற்றிக்கொண்டு வந்தாள். நடக்க நடக்க அவள் மேலிருந்து உப்புப் பொரிகள் உதிர்ந்தன. புருஷன் பக்கம் போகவில்லை, நேரே சின்னப்பேச்சி முன்னால் போய் நின்றாள். முறை வந்த காலைகளில் பக்கத்தில் உட்கார்ந்து தன் முதுகைத் தடவிய அந்தக் கையையே பார்த்தாள்.

"மதினி. அந்த மனுசன் வந்தாரா?"

சின்னப்பேச்சி குடத்தை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றினாள்.

"சுபிச்சாவுக்கு மூஞ்சி வீக்கம் வத்திருச்சு பூமயிலு" என்றாள். "நீயே பாத்தேல்ல."

பூமயில் தலையை ஆட்டினாள். ஆமாம், பார்த்திருந்தாள், அவளுக்கும் அந்தப் பிள்ளை என்றால் உயிர்தான். பிறகு வரிசையில் நின்ற ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள். அழுதாள். இந்த அழுகையில் சத்தம் இல்லை. மேலெல்லாம் பூத்திருந்த உப்பு கரைந்தது. கழுத்தில் கரைந்தது, கையில் கரைந்தது, சேலை ஓரத்து வெள்ளைக் கோடுகள் கரைந்தன. குழாய் என்றைக்கும் இல்லாத வேகத்தில் பீறிட்டது. பெண்களுக்குக் கை பழகியிருந்தது. அந்த நிலையிலும் ஒருத்தி குடத்தை நகர்த்தி வைத்தாள், அடுத்தவள் தன் குடத்தோடு தயாரானாள். புதுப்பெண்தான் ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினாள்.

"கடத்தண்ணி" என்றாள்.

கடலைவிடக் கரித்தது. பூமயில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், தோல் பழையபடி கருப்பாக, மிருதுவாக இருந்தது. துடைக்கிற துணியை மடித்துக் கண்ணாடி மேல் வைத்துவிட்டுப் புருஷன் கையைப் பிடித்தாள். வந்த பஸ் திரும்பிப் போக நின்றுகொண்டிருந்தது, இருவரும் அதில் ஏறிக்கொண்டார்கள். யாரும் தடுக்கவில்லை, ஆடுகள்கூடப் பின்னால் போகவில்லை.

அந்தத் தண்ணீர் நிற்கவே இல்லை. குழாயை அடைத்தார்கள், கண்ணாடி வழியாக வழிந்தது. கண்ணாடியை உடைத்தார்கள், கருப்புத் தொட்டியிலிருந்து பொங்கியது. டாக்டர் மங்கையர்க்கரசி வந்து கருவியை நனைத்துப் பார்த்தார், முள் கடைசிக் கோட்டைத் தாண்டி முட்டிக்கொண்டு நின்றது. பூச்சில் ஏதோ கோளாறு என்று எழுதிக்கொண்டு போனவர் பிறகு வரவில்லை. பகலும் இரவும் ஓடி அது தெருவை நனைத்தது, சுவர்களை அரித்தது, மணலுக்குள் இறங்கியது. சிரட்டையால் சுரண்டிக் குடித்த ஊற்றுக் குழிகளும் வாயில் வைக்க முடியாதபடி கரித்துப்போயின. ஒவ்வொரு வீடாகப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். பக்கத்து ஊர்களில் அவர்களை மரியாதையாகத்தான் விசாரிக்கிறார்கள், தங்களிடம் இருக்கிற கொட்டகைகளைக் காட்டி, உங்கள் ஊரில் மட்டும் எப்படி வந்தது என்று கேட்கிறார்கள். சேதுமாணிக்கம் பதில் சொல்வதில்லை. ஆனால் சொல்லாமலே சில ஊர்களில் தெரிந்துவிட்டது போலத் தோன்றுகிறது. கடலில் ஆளைத் தொலைத்த பெண்கள் யார் யார் என்று விசாரித்து, கண்ணாடி துடைக்கும் வேலையை அவர்களுக்கே கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

ஓலைமுந்தலில் இப்போது மிச்சம் இருப்பது சின்னப்பேச்சியும் மகளும்தான். சுபிக்ஷா பெரும்பாலும் படுத்தே இருக்கிறாள், கண் திறக்க முடிகிற நாட்களில் மாமாவும் அத்தையும் எப்போது வருவார்கள் என்று கேட்கிறாள். சின்னப்பேச்சி தினமும் காலையில் குடத்தோடு உடைந்த கொட்டகைக்கு வருகிறாள். ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்க்கிறாள். அதை அவள் துப்புவதில்லை, விழுங்கிவிட்டு, வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பிப் போகிறாள்.